கொட்டையைத் தொலைத்த அணில்: சின்னப் பிள்ளைகளோடு ஓர் இலையுதிர் காலச் சிரிப்புப் பாட்டு

டொரொன்டோவின் கிழக்குப் பக்கம் நடக்கும் ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மிகச் சின்னப் பிள்ளைகள் என் பொறுப்பு. 4 முதல் 6 வயது வரை, வழக்கமாக 12, 15 பேர் வருவார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் அவர்களோடு ஒரே ஒரு சிரிப்புப் பாட்டைத்தான் எடுக்கிறேன். உதவிக்கு வரும் புதியவர்கள் அதை எங்கெங்கே கோட்டை விடுகிறார்கள் என்பது இப்போது எனக்கு மனப்பாடம். பாட்டு தெரியாமல் யாரும் தடுமாறுவதில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்ற வரிசை தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். அந்த வரிசையை இங்கே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

கனடாவில் தேங்க்ஸ்கிவிங் அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை வரும். அதற்கு முந்தைய சனிக்கிழமை பாதி வகுப்பு ஊரில் இருக்காது. அன்று தொடங்கினால் அடுத்த வாரம் வந்திருப்பவர்களுக்காக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதனால் அதற்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குங்கள்.

மொத்தம் மூன்று சனிக்கிழமை போதும். இரண்டு பழகுவதற்கு, ஒன்று ஆடிக்காட்டுவதற்கு. மூன்றாவது சனிக்கிழமை பெரும்பாலும் ஹாலோவீனை ஒட்டி வந்து விழும். அந்த வாரம் பிள்ளைகளின் மனம் முழுக்க மிட்டாயில் இருக்கும், புதிதாக ஒரு வரிகூட ஏறாது. தெரிந்ததைக் கூத்தடிக்க மட்டும் அது நல்ல நாள்.

இதற்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிடுவார்கள், மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். தெருவோர இலைக் குவியல்களும் பழுப்புக் காகிதப் பைகளில் ஏறிக் குப்பை வண்டிக்குப் போய்விடும். வாசலில் பார்க்கிற குவியலும் பாட்டில் வருகிற குவியலும் ஒரே வாரத்தில் இருந்தால்தான் பிள்ளைக்கு அது வேடிக்கை. இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு தமிழ்ப் பாடம்தான்.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

ஒரு பழுப்பு நிறக் காலுறையைச் சுருட்டி டென்னிஸ் பந்து அளவுக்கு ஓர் உருண்டை செய்யுங்கள். அதுதான் கொட்டை. இப்படி மூன்று இருக்கட்டும், ஏனென்றால் தொலையும்.

நிஜ ஓக் கொட்டை வேண்டாம். அழகாக இருக்கும், பூங்காவில் சும்மா கிடக்கும் என்றுதான் முதல் வருடம் நானும் ஒரு கிண்ணம் நிறையப் பொறுக்கி வந்து வகுப்பு மேசையில் வைத்தேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால் மேசையெங்கும் வெள்ளை வெள்ளையாகப் புழு. ஒவ்வொரு கொட்டையிலும் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை. கொட்டைக்குள் ஒருவகை வண்டு முட்டையிட்டு வைக்கும், உள்ளே வளர்ந்த புழு இலையுதிர் காலத்தில் துளைத்துக்கொண்டு வெளியே வரும் என்று அப்புறம்தான் படித்தேன். பிள்ளைகளுக்கு அன்று பாட்டே தேவைப்படவில்லை. புழு ஒரு பக்கம் இருக்கட்டும், வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் அளவு அது. கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும், அதன் பெற்றோரையும் வீணாகக் கலங்க வைப்பானேன்.

இரண்டாவது, பின்னால் தொப்பி தொங்கும் ஹூடி ஒன்று. அது உங்களுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல. ஏன் என்று 8ஆம் படியில் வரும்.

மூன்றாவது, காய்ந்த இலைகள், இரண்டு பெரிய பை நிறைய. 4 நாள் முன்பே பொறுக்கி, செய்தித்தாளுக்கு மேல் பரப்பி, வீட்டுக்குள் காய வையுங்கள். ஈர இலை தரையில் ஒட்டும், வழுக்கும், பையில் கட்டி வைத்தால் ஒரே இரவில் பூசண வாடை வந்துவிடும். நடைபாதை ஓரத்து மேப்பிள் இலை போதும். ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கத்துக் காட்டுக்குள் போய் அள்ளாதீர்கள், அங்கே உண்ணி இருக்கிறது. ஆஸ்துமா இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் இலையே வேண்டாம். மஞ்சள், சிவப்புத் துணியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய படுக்கை விரிப்பு. ஒரு பழுப்புக் காகித இலைப் பை.

அப்புறம் அணில் படம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் தமிழ்ப் பாடநூல் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு இருக்கும். அதைக் காட்டினால் இங்கே பிறந்த பிள்ளை ஒரே குரலில் “அது சிப்மங்க்!” என்று திருத்தும், திருத்துவதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஊர் அணில் கோடு இல்லாத சாம்பல் நிறம், அல்லது முழுக் கறுப்பு. அந்தப் படத்தையே காட்டுங்கள். ராமர் தடவிய கதையை இன்னொரு நாள் சொல்லலாம்.

3. பாட்டு

இது நானே கட்டியது. இலக்கியத் தரம் எல்லாம் தேடாதீர்கள். வரிகளை உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நிறுத்தம் உள்ள இடங்களை மட்டும் நகர்த்த வேண்டாம்.

மஞ்சள் இலை, சிவப்பு இலை,
மரத்தை விட்டு இறங்குது!
கள்ள அணில் கொட்டை ஒன்றைக்
கொண்டு வந்து புதைக்குது!
மண்ணைத் தள்ளி, இலையைத் தள்ளி,
மறைச்சு வச்சுத் தூங்குது!
தூங்கி எழுந்து வந்து பார்த்தால்…
(நிறுத்தம்)
ஐயையோ! எங்கே வச்சேன்?

பூட்ஸுக்குள்ளே தேடுது – இல்லை, இல்லை, இல்லையே!
தொப்பிக்குள்ளே தேடுது – இல்லை, இல்லை, இல்லையே!
பைக்குள்ளேயும் தேடுது – இல்லை, இல்லை, இல்லையே!
மூக்குக்குள்ளே தேடுது…
(நிறுத்தம்)
சீ! அங்கே இல்லை!

இலை குவிச்ச மேட்டில் ஏறி
ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித்
தொப்பென்றுதான் குதிக்கும்போது…
(நிறுத்தம்)
அடடா! இங்கே இருக்கு!

சொற்களைப் பற்றி இரண்டொரு விஷயம். முதலில் “குண்டு அணில்” என்றுதான் எழுதியிருந்தேன். இரண்டாம் வாரமே ஒரு பையனை மற்றவர்கள் அந்தப் பெயரில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அன்றே “கள்ள அணில்” ஆக்கிவிட்டேன். “கொட்டை” என்ற சொல் வரும்போது பின்வரிசையில் நிற்கும் அப்பாக்கள் சிலர் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அது புளியங்கொட்டை, பலாக்கொட்டை மாதிரி ஒரு கொட்டைதான், நீங்களும் முகம் மாறாமல் இருந்தால் போதும்.

“எங்கே வச்சேன்” என் வீட்டுத் தமிழ். வகுப்பில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், அவர்களுக்கு அது “எங்க வைச்சனான்?”. அவரவர் வீட்டில் சொல்கிறபடியே கத்தட்டும். ஒரே மாதிரி சொல்ல வைக்க முயன்றால் கத்தல் பாதியாகக் குறைகிறது, எனக்கு வேண்டியது கத்தல்.

4. ஸ்ருதியையும் வேகத்தையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

பெரியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, தங்களுக்கு வசதியான தாழ்ந்த ஸ்ருதியில் எடுப்பது. சின்னப் பிள்ளையின் குரல் அவ்வளவு கீழே இறங்காது. பாட முடியாமல் பேசும், இல்லாவிட்டால் கத்தும். “இவர்களுக்கு ஸ்ருதியே இல்லை” என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

கீபோர்டில் நடு ‘சி’க்கு அடுத்த வெள்ளைக் கட்டை ‘டி’. அதை ஸட்ஜமாக, அதாவது 2 கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே பஞ்சமம் வரை போனால் போதும், எப்போதாவது தைவதத்தைத் தொடலாம். ஸ ரி க ப த என்ற மோகனத்தின் ஐந்து சுரத்துக்குள் நின்றால் பிள்ளை எங்கே தவறினாலும் காதுக்கு உறுத்தாது. முதல் வரி பஞ்சமத்தில் தொடங்கிக் காந்தாரத்துக்கு இறங்கட்டும், இரண்டாம் வரி காந்தாரத்திலிருந்து ஸட்ஜத்துக்கு. மீதி வரிகளுக்கும் இதே மெட்டுதான். வரிக்கு ஒரு மெட்டு போட்டு அழகு பார்க்கிற இடம் இது இல்லை.

நிறுத்தத்துக்குப் பிறகு வரும் கத்தல் வரிகளுக்கு மெட்டே வேண்டாம். பேச்சாகவே இருக்கட்டும். பாடத் தயங்கும் பிள்ளையும் அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளும்.

தாளம் எளிய நாலு தட்டு. வேகம் சாதாரணமாக நடக்கும் நடை. உற்சாகத்தில் நாம் வேகத்தைக் கூட்டிவிடுவோம், அப்போது கை அசைவு பின்தங்கும், கடைசிப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும்.

5. முதல் சனிக்கிழமை: கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் முதல் வரியில் தொடங்குகிறார்கள். “மஞ்சள் இலை, சிவப்பு இலை… எல்லோரும் சொல்லுங்கள்.” நாலாவது வரிக்கு வரும்போது இரண்டு பேர் தரையில் உருள்கிறார்கள், ஒரு பிள்ளை தண்ணீர் கேட்கிறது, ஒன்று தண்ணீரைக் கொட்டிவிட்டது. சிரிப்பு வரும் வரி ஏழு வரிக்கு அப்பால் இருக்கிறது, அது வரை அவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

அதைத் தலைகீழாக்குங்கள். வந்து உட்கார்ந்ததும் ஒன்றும் சொல்லாமல் உங்கள் சாவியைத் தேடுங்கள். சட்டைப் பையில், மேசையில், செருப்புக்கடியில். அப்புறம் இரண்டு கன்னத்திலும் கை வைத்து, “ஐயையோ! எங்கே வச்சேன்?” அவ்வளவுதான். இன்னொரு முறை தேடுங்கள், இன்னொரு முறை சொல்லுங்கள். மூன்றாவது முறை நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர்களே கத்துவார்கள். 2 நிமிடத்தில் பாட்டின் முக்கியமான வரி முடிந்தது.

இப்போது அணில் படத்தைக் காட்டி, இந்த அணிலும் இப்படித்தான், ஒவ்வொரு கொட்டையையும் ஒவ்வொரு குழியில் புதைத்து வைக்கும், குளிர்காலத்தில் பசித்ததும் தேடிப் போகும், சிலதை மறந்துவிடும், மறந்த கொட்டை மரமாக முளைக்கும் என்று நாலு வாக்கியத்தில் கதை. கதைக்கு 3 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

அதன் பிறகு முழுப் பாட்டையும் நீங்கள் ஒருவரே பாடுங்கள். அவர்கள் காத்திருந்து, சரியான இடத்தில் அந்த ஒரு வரியை மட்டும் கத்தட்டும். தாங்கள் கத்த வேண்டிய இடம் எப்போது வரும் என்று காது கொடுத்திருப்பதால் முன்னால் உள்ள வரிகள் தாமாக உள்ளே போகின்றன. “சொல்லு, திருப்பிச் சொல்லு” என்று நான் ஒரு வரியைக்கூடக் கற்றுக்கொடுப்பதில்லை.

மொத்தம் 12 நிமிடம். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கெஞ்சும்போதே நிறுத்துங்கள். அலுத்த பிறகு நிறுத்தினால் அடுத்த வாரம் அந்த அலுப்போடுதான் வருவார்கள்.

6. நிறுத்தத்தைப் பழகுங்கள்

இந்தப் பாட்டில் சிரிப்பு இருப்பது சொல்லில் இல்லை, சொல்லுக்கு முன்னால் உள்ள மௌனத்தில். “வந்து பார்த்தால்…” என்று பாடியதும் நாலு தட்டு முழுவதும் சும்மா இருக்க வேண்டும். கண் விரிந்திருக்கட்டும், வாய் பாதி திறந்திருக்கட்டும், கை அசையக் கூடாது.

நாலு தட்டு சும்மா இருப்பது மேடைப் பழக்கம் உள்ளவருக்கே கஷ்டம். புதியவர்கள் ஒன்றரைத் தட்டிலேயே பதறிப்போய் அடுத்த வரியைச் சொல்லிவிடுகிறார்கள். காலணிக்குள் கால் கட்டை விரலை மட்டும் அசைத்து எண்ணுங்கள், வெளியே தெரியாது.

ஒரு பிள்ளை இரண்டாம் தட்டிலேயே கத்திவிடும். கத்தட்டும். திட்டாதீர்கள், “உஷ்” என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையை அப்படியே அசையாமல் ஒரு பார்வை பாருங்கள், அணில் பார்ப்பது போல. மற்றவர்கள் அதற்கும் சிரிப்பார்கள். அடுத்த சுற்றில் அந்தப் பிள்ளையே எல்லோரையும் விட நீண்ட நேரம் அடக்கிக்கொண்டு இருக்கும்.

இன்னொன்று, நீங்கள் சிரிக்கக் கூடாது. அணிலுக்கு அது உயிர் போகிற பிரச்சினை, குளிர்காலச் சாப்பாடு போயிற்று. நீங்கள் முந்திக்கொண்டு சிரித்தால், “இது சிரிக்க வேண்டிய இடம்” என்று அறிவிப்பு செய்தது போல ஆகிவிடும். பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும், கேட்டால் தெரியும்.

7. கை அசைவுகள்: ஐந்துக்கு மேல் வேண்டாம்

இலை விழ இரண்டு கையும் மேலிருந்து ஆடி ஆடிக் கீழே. புதைக்க இரண்டு கையால் நாய் போலத் தோண்டல். தூங்கக் கன்னத்தில் கை. தேட நெற்றியில் கை. “ஐயையோ”வுக்கு இரண்டு கன்னத்திலும் கை. முடிந்தது.

இலை விழும் அசைவைச் செய்யும்போது “இலை… உதிர்… காலம்” என்று பிரித்து ஒரு முறை சொல்லிவிடுங்கள், ‘உதிர்’ வரும் இடத்தில் கை கீழே இறங்கட்டும். இங்கே பருவத்துக்கே ‘ஃபால்’ என்றுதான் பெயர், விழுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தமிழிலும் அதே பொருள்தான் என்று பிடித்துக்கொள்வார்கள்.

நீங்கள் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதால் வலது, இடது குழப்பம் வரும். அதனால்தான் எல்லா அசைவும் இரண்டு கைக்கும் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

8. இரண்டாம் சனிக்கிழமை: கொட்டை உங்கள் முதுகில் இருக்கட்டும்

இந்தப் படிக்குத்தான் ஹூடி. தூங்கும் வரியைப் பாடும்போது, பிள்ளைகள் பார்க்கும்படியாகவே, காலுறை உருண்டையை உங்கள் முதுகில் தொங்கும் தொப்பிக்குள் மெதுவாகப் போட்டுவிடுங்கள். பிறகு எழுந்து அதைத் தேடத் தொடங்குங்கள்.

தங்களுக்குத் தெரிந்த ஒன்று பெரியவருக்குத் தெரியவில்லை. 5 வயதுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. “பின்னால! பின்னால!” என்று கூரை பறக்கும். நீங்கள் சட்டென்று திரும்பிப் பாருங்கள், தொப்பியும் உங்களோடு திரும்பிவிடும். “எங்கே? இங்கே ஒன்றும் இல்லையே!” மேலே பாருங்கள், கீழே பாருங்கள். மேலே, கீழே, உள்ளே, பின்னால், முதுகில் என்று ஒரு மாதம் அட்டை காட்டிச் சொல்லிக்கொடுத்த சொற்களெல்லாம் கேட்காமலே வரும், அதுவும் தமிழில். “நான் தமிழ் அணில், எனக்கு இங்கிலீஷ் தெரியாது” என்று முதலிலேயே சொல்லிவிடுவது அதற்காகத்தான்.

இதை வீட்டில் கண்ணாடி முன் பத்து முறையாவது பழக வேண்டும். உருண்டை கனமாக இருந்தால் ஹூடி பின்பக்கம் இழுத்துக் கழுத்தைப் பிடிக்கும். லேசாக இருந்தால் குனியும்போது விழாது. எனக்குச் சரிப்பட்டது ஒரு தடித்த கம்பளிக் காலுறை. மூன்றாம் பகுதியில் குவியலில் குதிப்பதற்குக் குனியும்போது, தலையை முழங்கால் அளவுக்குக் கீழே கொண்டுபோனால் உருண்டை தலைக்கு மேலாக உருண்டு முன்னால் வந்து விழும். இடுப்பை மட்டும் வளைத்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முதல் தடவை எனக்கு அது விழவே இல்லை. நான் கோழி மாதிரி குனிந்து குனிந்து நிமிர்ந்ததுதான் அன்றைய பெரிய சிரிப்பு. அதனால் விழாவிட்டால் பயப்படாதீர்கள்.

தேடும் இடங்களைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். பூட்ஸ், தொப்பி, பை மூன்றும் முதல் சுற்றுக்குத்தான். அடுத்த சுற்றில் “அணில் வேற எங்கே தேடும்?” என்றால், ஃபிரிட்ஜுக்குள், தாத்தா வேட்டிக்குள், பாத்ரூமுக்குள் என்று வரும். வந்ததை அப்படியே மெட்டில் போடுங்கள், அசை இடித்தால் இடிக்கட்டும். மூக்கு வரி மட்டும் எப்போதும் கடைசி. அதை முன்னால் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு பூட்ஸுக்கு யார் சிரிப்பார்கள்?

9. இலையைக் கடைசியாகக் கொடுங்கள்

பாட்டு தொடங்கும் முன்பே ஆளுக்கு ஒரு கை இலை கொடுத்துவிடுவது நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. கையில் இலை வந்தால் அது தூவுவதற்கு மட்டுமே. பாட்டு, அணில், ஆசிரியர் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கை அசைவும் போச்சு, கையில்தான் இலை இருக்கிறதே.

விரிப்பை நடுவில் விரித்து, இலை முழுவதையும் அதில் கொட்டி, நாலு மூலையையும் மேலே சேர்த்து மூட்டையாக முடிந்துவிடுங்கள். மூட்டை பாட்டு முழுவதும் நடுவில் இருக்கும். “இதுக்குள்ள என்ன?” என்று கேட்பார்கள், பதில் சொல்லாதீர்கள். மூன்றாம் பகுதி தொடங்கும்போது முடிச்சை அவிழுங்கள்.

“தொப்பென்று” என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்தால் மண்டையும் மண்டையும் மோதும். வட்டத்தில் நின்று, குதிப்பது நின்ற இடத்திலேயே, அள்ளித் தூவுவது நடுவில். இந்த விதியை இலை இல்லாமல் இரண்டு முறை வெறுங்கையோடு ஒத்திகை பார்த்துவிடுங்கள். இலையைப் பார்த்த பிறகு எந்த விதியும் காதில் ஏறாது.

10. சேராத பிள்ளை, அடங்காத பிள்ளை

ஓரமாக நின்று பார்க்கும் பிள்ளையை “வா, வா” என்று இழுக்காதீர்கள். அதன் கையில் ஒரு காலுறை உருண்டையைக் கொடுத்து, “நீ ஒளிச்சு வச்சுக்கோ, அணிலுக்குச் சொல்லாதே” என்று காதில் சொல்லுங்கள். ஒருமுறை, இரண்டு மாதமாக வகுப்பில் வாயே திறக்காத சிறுமி ஒருத்தியிடம் அப்படிக் கொடுத்தேன். நான் அவள் பக்கத்தில் வந்து தேடியபோது மிக நிதானமாக, “இங்க இல்ல” என்றாள். பொய்தான், ஆனால் சுத்தமான தமிழ்ப் பொய்.

அடங்காத பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: மூட்டைக்குக் காவல். அணில் வேஷம் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மீதி 14 பேரும் கேட்பார்கள், ஆளுக்கொரு முறை என்று போனால் பாட்டு பொழுது சாயும் வரை முடியாது. அணில் நீங்கள்தான். தெரியாமல் விழிப்பது பெரியவராக இருக்கும் வரைதான் வேடிக்கையும் நடக்கும்.

11. மூன்றாம் சனிக்கிழமை: பெற்றோர் முன்னால்

பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தாதீர்கள். முன்னால் 30 கைபேசி நீண்டதும் நேற்று வரை கூரையைப் பிய்த்த பிள்ளை சட்டை நுனியைச் சப்ப ஆரம்பிக்கும். தரையில் அரை வட்டமாக உட்கார வைத்து, பெற்றோரை அவர்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு வழக்கம் போல நீங்கள் மட்டும்தான். பெற்றோருக்குப் பின்னந்தலைதான் தெரிகிறது என்று குறை சொல்வார்கள், ஆனால் சத்தம் முழுசாகக் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு ஒலிவாங்கி வேண்டாம். கையில் கிடைத்த முதல் பிள்ளை அதில் ஊதும், அப்புறம் எல்லோரும் ஊதுவார்கள்.

பாட்டை இரண்டு முறை செய்யுங்கள். முதல் முறை பிள்ளைகள் மட்டும். இரண்டாம் முறை “இல்லை, இல்லை, இல்லையே” பெற்றோருக்கு, “ஐயையோ” பிள்ளைகளுக்கு. தாத்தா பாட்டி யாராவது வந்திருந்தால் தேடும் வரியில் அவர்கள் பக்கம் போய், முன்பே கேட்டுவைத்து, அவர்கள் மப்ளருக்குள் தேடுங்கள். கேட்காமல் போகாதீர்கள். எல்லாத் தாத்தாவுக்கும் அணில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் முடிந்து இலை பறக்கும்போது உங்கள் கட்டுப்பாட்டில் ஒன்றும் இருக்காது. அதற்கு 3 நிமிடம் ஒதுக்கிவையுங்கள்.

12. அள்ளிப் போடுவதும் பாட்டிலேயே

“போதும், நிறுத்துங்கள்” என்று கத்தினால் யாரும் நிறுத்த மாட்டார்கள். அதே மெட்டில், மெதுவாக, “மஞ்சள் இலை, சிவப்பு இலை, பையைத் தேடிப் போகுது” என்று பாடிக்கொண்டு காகிதப் பையைத் திறந்து பிடியுங்கள். தெருவில் அப்பாமார் இதே பையில் இலை அடைப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பதால் போட்டி போட்டு அள்ளுவார்கள். மீதியை விரிப்போடு சுருட்டி வெளியே உதறலாம்.

வீட்டுக்குப் போகுமுன் எல்லோருடைய ஹூடித் தொப்பியையும் ஒரு தட்டு தட்டுங்கள், இலை உதிரும். அப்புறம் உருண்டைகளை எண்ணுங்கள். மூன்று கொண்டுபோனால் இரண்டுதான் இருக்கும். மற்றது யாருடைய பூட்ஸுக்குள்ளோ ஏறி வீட்டுக்குப் போயிருக்கும், தேடிக்கொண்டு நிற்காதீர்கள், அடுத்த சனிக்கிழமை வந்துவிடும்.